எல்லையம்மாளுக்கு ஆகாத வாய்கள்

எல்லையம்மாள் ஒரு ஆளை எடை போடுவது அவன் வாயைத் திறக்கிற நேரத்தில்தான். என்ன பேசுகிறான் என்பதெல்லாம் பிறகு. பல் எப்படி இருக்கிறது, ஈறு என்ன நிறம், எதிரே நின்று பேச முடிகிறதா, முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பாள். பெரும்பாலும் திருப்பிக்கொள்ளத்தான் வேண்டியிருந்தது. வலங்கைமானுக்குத் தெற்கே, குடமுருட்டியிலிருந்து பிரிகிற வாய்க்காலை ஒட்டிய மருவத்தங்குடியில் அந்தக் காலத்தில் சுத்தமான வாய் ஒன்றைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பண்ணையார் வீட்டுக் கூடத்திலிருந்து தெற்குத் தெருக் குடிசை வரை எல்லார் வாயும் சிவப்பு. சுவரெல்லாம் சிவப்பு, மதகெல்லாம் சிவப்பு. பிள்ளையார் கோயில் வாசலிலும் மூலைக்கு மூலை எவனாவது துப்பி வைத்திருப்பான்.

எல்லையம்மாளுக்கு அதைப் பார்த்தாலே அடிவயிற்றிலிருந்து ஏதோ கிளம்பி நெஞ்சுக்குழி வரை வரும். நெல் அவிக்கிற அடுப்பிலிருந்து உமிக்கரியை வாரி வந்து, அம்மியில் நுணுக்கி, கொஞ்சம் உப்புச் சேர்த்துக் கொட்டாங்கச்சியில் வைத்திருப்பாள். விடிந்ததும் அதுதான் முதல் வேலை. விரலால் தொட்டு மேலும் கீழும் தேய்த்து, தென்னை ஈர்க்கை இரண்டாக வகிர்ந்து நாக்கை வழித்து, தண்ணீர் தெளிவாக வரும் வரை கொப்பளிப்பாள். கஞ்சி குடித்தாலும் கொப்பளிப்பாள். நடவுக்குப் போகிற பெண்கள் வாசலில் காத்து நின்று சிரிப்பார்கள்.

"சேத்துல எறங்குறவளுக்குப் பல்லு இவ்வளவு வெள்ளையா இருந்து என்னடி ஆவப்போவுது? நாத்துக்கா காட்டப்போற?"

அவள் பதில் சொல்ல மாட்டாள். சொன்னால் அவர்கள் இன்னும் சிரிப்பார்கள். சிரித்தால் வாய் தெரியும். அதைக் காலங்காத்தாலே பார்க்க அவளால் முடியாது.

சிறு பெண்ணாக இருந்தபோது அவளுக்கு இவ்வளவு அருவருப்பு கிடையாது. அவள் அம்மா ராமாயிக்கு நோய் வந்த பிறகுதான் எல்லாம்.

ராமாயி எப்போதும் இடது கன்னத்தில் புகையிலையை அதக்கியிருப்பாள். நெல்லிக்காய் ஒன்றை ஒளித்து வைத்த மாதிரி அந்தக் கன்னம் மட்டும் உப்பியிருக்கும். தூங்கும்போதும் அது உள்ளேயே இருக்கும். பண்ணையில் அது கூலியோடு சேர்ந்து வருகிற பொருள். முற்பகலில் பசி கிள்ளத் தொடங்குகிற நேரத்தில் பண்ணையை மேற்பார்க்கிற காரியக்காரர் வரப்புக்கு வந்து வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் கொடுப்பார். அதை வாயில் போட்டுக்கொண்டால் வயிறு மரத்துப்போகும். பொழுது சாய்கிற வரை குனிந்த தலை நிமிராமல் நட்டுக்கொண்டே போகலாம். சோறு போடுவதைவிட இது பண்ணைக்கு லாபம்.

ராமாயியின் கன்னத்துக்குள் முதலில் பாலாடை படிந்த மாதிரி ஒரு வெள்ளை வந்தது. காரம் பட்டால் எரிகிறது என்று சொன்னாள். அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிறகு அது சிவந்து புண்ணானது. புண் ஆழமாகிக்கொண்டே போய், ஒரு நாள் கன்னத்தில் வெளிப்பக்கமாகவே ஓட்டை விழுந்தது. எல்லையம்மாள் வாயில் ஊற்றிய கஞ்சி கன்னத்து வழியாக வழிந்தது. ஈ மொய்த்தது. குடிசைக்குள் நுழைந்தால், வைக்கோற்போருக்கு அடியில் செத்துக் கிடக்கிற எலியின் நாற்றம். ஒரு நாள் தாங்க முடியாமல் முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு கஞ்சி ஊற்றினாள். ராமாயி அதைப் பார்த்தாள். அன்றிலிருந்து சுவர்ப்பக்கமாகவே திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

சாகிற வரைக்கும் அவள் கேட்டது கஞ்சியை அல்ல, புகையிலையைத்தான். பேச்சு வராது, விரலைக் கன்னத்தில் வைத்துக் காட்டுவாள். எல்லையம்மாள் கிள்ளிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு வெளியே ஓடிப்போய் வேலியோரம் வாந்தி எடுத்தாள்.

அம்மாவைப் புதைத்துவிட்டு வந்தவர்கள் குளித்து முடித்துத் திரும்பிய பிறகும் அவள் வாய்க்காலில் உட்கார்ந்து மணலால் பல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஈறு கிழிந்து ரத்தம் வந்தது. அப்போதும் எழுந்து வர மனமில்லை.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்தது அவள் அத்தை. வலங்கைமான் பக்கத்திலிருந்து ஒரு இடம் வந்தபோது எல்லையம்மாள் ஒன்றுதான் சொன்னாள்.

"அவரு வாயத் தொறந்து காட்டட்டும். அப்பறம் பேசு."

அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். ஆனால் விஷயத்தை எப்படியோ மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லிவிட்டாள். வைரக்கண்ணுவுக்கு அது வேடிக்கையாக இருந்தது. பெண் பார்க்க வந்தவன், எல்லாரும் இருக்கும்போதே கதவுப் பக்கம் பார்த்துச் சிரித்தான். ஆலங்குச்சியில் தேய்த்த பல். கொஞ்சம் எடுப்புதான், ஆனால் கறை இல்லை.

"மாட்டுச் சந்தையில பாக்குற மாதிரி பாக்கணும்னியாமே," என்று கல்யாணத்துக்குப் பிறகு கேட்டான்.

"மாடு வாங்குறவன் பாக்குறான். காலம்பூரா கூட இருக்கப்போறவ பாக்கக் கூடாதா?"

கல்யாணத்துக்குப் பிறகு அவள் ஊருக்கே குடிவந்துவிட்ட வைரக்கண்ணு செங்கொடிச் சங்கத்தில் இருந்தான். உதயசூரியன் ஆட்சிக்கு வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. தஞ்சாவூர் ஜில்லா முழுவதும் கூலித் தகராறு. ஒரு ஊரில் அறுவடைக்கு வெளியாளைக் கொண்டுவந்து இறக்கினார்கள் என்று செய்தி வரும். இன்னொரு ஊரில் போலீஸ் வந்து தெருவையே வாரிக்கொண்டு போனது என்று வரும். மருவத்தங்குடியில் சங்கத்துக்குச் செயலாளர் அய்யாவு. நல்ல மனிதர். அடி வாங்கியிருக்கிறார், ஜெயிலுக்குப் போயிருக்கிறார், தனக்கென்று ஒரு பிடி மண்ணும் சேர்த்துக்கொள்ளாதவர். எல்லையம்மாளுக்கு அவர்மேல் மரியாதை உண்டு. ஆனால் அவர் வீட்டுக்கு வந்தால் அவள் அடுப்படியை விட்டு வெளியே வர மாட்டாள். அய்யாவு பேசுவதெல்லாம் வெற்றிலைச் சாற்றுக்கு நடுவே நீந்தி வருகிற பேச்சு. அவர் போன பிறகு அவர் உட்கார்ந்த இடத்தைச் சாணி போட்டு மெழுகுவாள்.

"தோழரு என்ன நெனைப்பாரு?" என்பான் வைரக்கண்ணு.

"நெனைச்சுட்டுப் போறாரு. தெறிச்சு கெடக்கு பாருங்க."

அவர்களோடு வைரக்கண்ணுவின் தங்கை நீலாம்பாளும் இருந்தாள். புருஷனை விட்டு வந்தவள், இன்னும் சின்ன வயது. அண்ணியும் நாத்தனாரும் ஒன்றாகவே நடவுக்குப் போவார்கள். கலகலப்பான பெண், ஆனால் வரப்புக்குப் புகையிலை வந்தால் முதல் ஆளாகக் கையை நீட்டுவாள். அவளுக்கு மேல்வரிசையில் இரண்டு பல் அப்போதே வேர் தெரிய ஆடிக்கொண்டிருந்தது. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள்.

ஒரு வருடம், ஆடி மாதம் கழிந்த பிறகு, பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து டாக்டர்கள் வலங்கைமான் பள்ளிக்கூடத்தில் முகாம் போட்டார்கள். ஆடுகிற பல்லைப் பிடுங்கிவிடலாம் என்று எல்லையம்மாள்தான் நீலாம்பாளை இழுத்துக்கொண்டு போனாள். பல்லுக்கென்று ஒரு இளம் டாக்டரம்மா இருந்தார். நீலாம்பாளைக் கொப்பளித்துத் துப்பச் சொன்னார். தண்ணீர் செங்கல் கரைத்த மாதிரி வந்தது. மறுபடியும் துப்பச் சொன்னார். மறுபடியும் அதே நிறம். பீங்கான் கிண்ணத்தின் அடியில் கரேலென்று திப்பி தங்கியது. எல்லையம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டாக்டரம்மா ஆடுகிற பல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, டார்ச்சை அடித்துக் கன்னத்தின் உள்பக்கத்தை வெகு நேரம் பார்த்தார். பிறகு எல்லையம்மாளைக் கூப்பிட்டார்.

"நீங்க யாரு, அக்காவா?"

"அண்ணிங்க."

"இங்க குனிஞ்சு பாருங்க."

கீழ்க் கன்னத்தில், புகையிலை அடங்குகிற அதே இடத்தில், பாலாடை மாதிரி ஒரு வெள்ளை.

"சொரண்டிப் பாத்தேன், வரல. புகையிலைய இன்னையோட விட்டா கொறைய வாய்ப்பு இருக்கு. விடலைன்னா புண்ணாகும். அப்பறம் எங்க போய் நிக்கும்னு சொல்ல முடியாது."

எங்கே போய் நிற்கும் என்று எல்லையம்மாளுக்குத் தெரியும். வழியெல்லாம் நீலாம்பாளிடம் ராமாயியின் கன்னத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தாள். இதற்கு முன் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லாதது அது. நீலாம்பாள் அழுதாள். இனிமேல் தொடவே மாட்டேன் என்று அண்ணன்மேல் சத்தியம் செய்தாள். மறுநாள் வரப்பில் கையை நீட்டினாள்.

"எல்லாரும் போடுறாங்க அண்ணி. வாயில ஒண்ணும் இல்லாம என்னால குனிய முடியல. தல சுத்துது."

எல்லையம்மாள் யோசித்துப் பார்த்தாள். நீட்டுகிற கையை அடித்தால் அது மடியில் ஒளித்து வாங்கும். கொடுக்கிற கையை நிறுத்த வேண்டும்.

சங்கக் கூட்டம் கொடிக்கம்பத்தடியில் நடந்தது. அந்தச் சம்பாவுக்கு என்னென்ன கேட்பது என்று அய்யாவு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கூலி உயர்வு, வெளியாள் வரக்கூடாது, வேலை நேரம். வேறு யாருக்காவது ஏதாவது உண்டா என்று கேட்டபோது எல்லையம்மாள் எழுந்தாள். பெண்கள் கூட்டத்தில் எழுந்து பேசுவது புதிது. வைரக்கண்ணு தலையைத் திருப்பிப் பார்த்தான்.

"பண்ணையில பொயல குடுக்குறத நிறுத்தணும். அதுக்குப் பதிலா உச்சி நேரத்துக்குக் கரை ஏத்திவிட்டுக் கஞ்சி ஊத்தணும். அதையும் சேத்துக்குங்க."

அய்யாவு தலையைப் பக்கவாட்டில் திருப்பி, இரண்டு விரலை உதட்டில் வைத்துப் பீய்ச்சி அடித்தார். எல்லையம்மாளின் காலுக்குக் கொஞ்ச தூரத்தில் அது விழுந்தது. துண்டால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, கோபமில்லாமல்தான் சொன்னார்.

"நம்ம போராட்டம் வயித்துக்கும்மா. வாய்க்கு இல்ல. பல்லு வெளக்கச் சொல்லிக் குடுக்குறதுக்கெல்லாம் வேற ஆளு இருக்காங்க."

எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள்தான் அதிகம் சிரித்தார்கள். பிறகு அவர்களுக்கே கோபம் வந்தது.

"நமக்குன்னு இருக்குற ஒரு ருசி. அதையும் புடுங்கப் பாக்குறா பாரு இவ."

"இவ பல்லு மினுக்கிக்கிட்டா ஊரே மினுக்கிக்கணுமா?"

அவர்கள் வாயையெல்லாம் எல்லையம்மாள் பார்த்துக்கொண்டு நின்றாள். கருத்த ஈறு, பாதி தேய்ந்த பல், உதட்டோரம் காய்ந்த கோடு. எத்தனை கன்னத்துக்குள் அந்த வெள்ளை இருக்கிறதோ என்று நினைத்தபோது அவளுக்குப் பரிதாபம் வரவில்லை, குமட்டல்தான் வந்தது. நியாயமாகப் பரிதாபம் வந்திருக்க வேண்டும். அதற்காகத் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருந்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

சம்பா நடவு தொடங்கியது. பண்ணையின் காரியக்காரர் ரெங்கசாமி. ஆளைவிட அவர் வாய்தான் முன்னால் வரும். சாறு சிந்திவிடக் கூடாது என்று முகத்தை மேலே தூக்கிக்கொண்டு, உதட்டைக் குவித்து, தொண்டைக்குள்ளிருந்து கொழகொழவென்று பேசுவார். வெற்றிலைப் பெட்டியில் கை விட்டுக் கொடுக்கும்போது சுண்ணாம்பு எடுத்த விரலைத் தன் பல்லிலேயே வழித்துவிட்டு அதே விரலால் புகையிலையைக் கிள்ளுவார். பெண்கள் கையில் வைக்க மாட்டார், பட்டுவிடும். மேலேயிருந்து மடியில் போடுவார். அவர் எச்சில் அவர்கள்மேல் படலாம். அவர்கள் கை அவர்மேல் படக் கூடாது.

அன்று முற்பகல் நல்ல வெயில். அய்யாவுவும் வைரக்கண்ணுவும் காலையிலேயே வலங்கைமானுக்குப் போயிருந்தார்கள். கூலி விஷயமாகத் தாசில்தார் பண்ணையாரையும் சங்கத்தையும் பேச்சுக்கு அழைத்திருந்தார். ரெங்கசாமி வரப்பில் நடந்து வந்தார். பெண்கள் நாற்றுக் கட்டைப் போட்டுவிட்டு மடியை விரித்தார்கள். நீலாம்பாளும் விரித்தாள். புகையிலை விழுந்தது.

எல்லையம்மாள் குனிந்து அதை அவள் மடியிலிருந்து எடுத்தாள். சேற்றில் போட்டாள். காலால் அமுக்கினாள்.

ரெங்கசாமி வெற்றிலைப் பெட்டியைப் பட்டென்று மூடினார்.

"என்னடி பண்ற?"

"இவளுக்கு வேண்டாங்க. வாயில புண்ணு வருதுன்னு டாக்டரு சொல்லியிருக்காங்க."

"வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லு. பண்ணைப் பொருளச் சேத்துல போட்டு மிதிக்கிற அளவுக்கு வந்துட்டியா?"

"குடுத்தா வாங்கிடுறா. அதான்."

ரெங்கசாமி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். சொல்லவில்லை. முகத்தைத் தாழ்த்தினார். வரப்பில் நின்றவர் சேற்றில் நின்றவளைப் பார்த்து, வாயில் இருந்ததை எல்லாம் துப்பினார்.

அது அவள் நெற்றியிலும் இடது கண்ணிலும் கன்னத்திலும் விழுந்தது. சூடாக இருந்தது. அதைத்தான் அவளால் பிறகு மறக்க முடியவில்லை. இன்னொரு மனிதன் வாய்ச்சூடு தன் முகத்தில் இருந்தது. பாக்குத் தூளும் வெற்றிலை நரம்பும் வழவழவென்று இமையிலிருந்து இறங்கின. சுண்ணாம்பு கண்ணில் எரிந்தது. அவள் கால் தானாக வாய்க்கால் பக்கம் திரும்பி ஓடியது.

"கழுவு அண்ணி, கழுவு," என்று நீலாம்பாள் அழுதுகொண்டே பின்னால் வந்தாள்.

வாய்க்கால் கரை வரை போனவள் தண்ணீருக்கு முன்னால் நின்றுவிட்டாள். கெண்டைக்கால் நனைகிற தூரத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணை மட்டும் ஒரு கை நீரால் துடைத்துக்கொண்டாள். கன்னத்தைத் தொடவில்லை.

"கழுவுனா ஒண்ணும் நடக்காத மாதிரி ஆயிடும் நீலா. நான் இப்படியே போறேன்."

"எங்க?"

"தாலுகா ஆபீசுக்கு."

வலங்கைமானுக்குப் போகிற சாலையின் ஒரு பக்கம் முழுவதும் வாய்க்கால் கூடவே வரும். மேட்டூர் திறந்து கரை தளும்பிய நாள் அது. இவ்வளவு தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் அந்த எச்சிலைச் சுமந்துகொண்டு நடந்தாள். வெயிலில் அது மெல்லக் காய்ந்து தோலை இழுத்தது. ஈ வந்து உட்கார்ந்தது, ஓட்டினாள், மறுபடி வந்தது. இன்னும் காயாத ஒரு கோடு உதட்டோரம் இறங்கியபோது பல்லைக் கடித்து வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். உள்ளே போய்விடக் கூடாது என்கிற பயத்தில், பின்னால் வந்த நீலாம்பாள் கேட்டதற்கெல்லாம் பதில் சொல்லவில்லை. புங்க மரத்தடியில் ஒரு தரம் நின்று வாந்தி எடுத்தாள். புறங்கையால் வாயை மட்டும் துடைத்துக்கொண்டு மறுபடி நடந்தாள். பஸ் ஒன்று கடந்து போனது. ஜன்னலில் இருந்தவர்கள் ரத்தம் என்று நினைத்துத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள்.

தாலுகா ஆபீஸ் வாசலில் சேவகன் மறித்தான். அவள் முகத்தைக் கிட்டத்தில் பார்த்ததும் தானாகவே ஒதுங்கினான்.

உள்ளே மேஜைக்குப் பின்னால் தாசில்தார். பக்கத்து நாற்காலியில் பண்ணையார். எதிரே பெஞ்சியில் அய்யாவுவும் வைரக்கண்ணுவும். பேச்சு நின்றது. வைரக்கண்ணு பதறி எழுந்தான்.

"அடிச்சுட்டானுங்களா?"

"அடிக்கல. இது ரத்தம் இல்ல. ரெங்கசாமி ஐயா வாயில இருந்தது."

அவள் தாசில்தாரைப் பார்த்துப் பேசினாள். குரல் உயரவில்லை.

"பசிக்குற நேரத்துல பொயலயக் குடுத்து வயித்த மரக்க வைக்கிறாங்கங்க. எங்கம்மாவுக்குக் கன்னம் ஓட்டையாப் போச்சு. இதோ இவளுக்கு ஆரம்பிச்சிருக்கு. வேண்டாம்னதுக்குத் துப்பிட்டாரு. தெனம் எங்க வாய்க்குள்ள போடுறத இன்னைக்கு மூஞ்சியில போட்டாரு. அவ்வளவுதான் வித்தியாசம்."

பண்ணையார் துண்டை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"மொதல்ல போய் மூஞ்சியக் கழுவச் சொல்லுங்க சார். பாக்கவே கொமட்டுது."

"ஒங்களுக்குப் பாக்குறதுக்கே கொமட்டுதுங்க. எனக்கு மேலயே இருக்கு."

தாசில்தார் பேனாவை எடுத்தார், வைத்தார். அய்யாவு எழுந்து ஜன்னலுக்குப் போனார். வாயில் இருந்ததை வெளியே துப்பினார். கூஜாத் தண்ணீரை வாங்கிக் கொப்பளித்தார். திரும்பி வந்து, எல்லையம்மாளைப் பார்க்காமல், "இதையும் சேத்துக்குங்க ஐயா. இது இல்லாம நாங்க கையெழுத்துப் போட முடியாது," என்றார்.

பண்ணையாருக்கு அதில் பெரிய நஷ்டம் தெரியவில்லை. "புகையிலையை நிறுத்தச் சொல்றது அவங்களேதான். நாளைக்கு என்னக் குத்தம் சொல்லக் கூடாது," என்று சொல்லிவிட்டு, உச்சிக் கஞ்சிக்கு மட்டும் வெகு நேரம் முணுமுணுத்தார். கடைசியில் ஒப்புக்கொண்டார்.

ஆபீசுக்குப் பின்னால் கிணற்றடி. வைரக்கண்ணு இறைத்து ஊற்ற ஊற்ற அவள் கழுவினாள். மண்ணை எடுத்துத் தேய்த்தாள். கன்னம் தோலுரிந்து எரிந்தது. போதும் என்று அவன் கையைப் பிடித்தபோதும் நிறுத்தவில்லை. அவன் வாளியை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் முடிக்கிற வரை காத்திருந்தான்.

ரெங்கசாமிக்கு ஒன்றும் ஆகவில்லை. வேறு வயலுக்கு மேற்பார்வைக்கு மாற்றிவிட்டார்கள், அவ்வளவுதான். கஞ்சி வந்தது, அடிப்பிடித்த நாற்றத்தோடு, தண்ணீராக வந்தது. இருந்தாலும் கரையில் உட்கார்ந்து நிமிர்ந்து குடிக்கிற நேரம் ஒன்று கிடைத்தது. புகையிலை நின்ற முதல் சில வாரங்கள் பெண்கள் தலைவலியிலும் கைநடுக்கத்திலும் எல்லையம்மாளைக் கண்டபடி ஏசினார்கள். அவளோடு வரிசையில் நிற்க மாட்டோம் என்றார்கள். பிறகு கடையில் தாங்களே வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். ஒன்றிரண்டு பேர்தான் விட்டார்கள். ஊர் திருந்திவிட்டது என்று சொன்னால் அது பொய்.

நீலாம்பாள் விட்டாள். சும்மா விடவில்லை. வறுத்த புளியங்கொட்டையை வாயில் போட்டுக்கொண்டு அலைந்தாள், ராத்திரியெல்லாம் தூங்காமல் புரண்டாள், திருட்டுத்தனமாக வாங்கி மாட்டிக்கொண்டு அண்ணியிடம் அறை வாங்கினாள். வேலை விட்டு வந்ததும் எல்லையம்மாள் அவளை வெயில் பக்கம் திருப்பி நிறுத்தி வாயைத் திறக்கச் சொல்வாள்.

"நீ என்ன டாக்டரா? மாட்ட சோதிக்கிற மாதிரி தெனமும்..."

"ஆமா, தொற."

மூச்சை அடக்கிக்கொண்டுதான் பார்ப்பாள். வெள்ளை மெல்ல மெல்ல மங்கியது. முழுவதும் போனதா என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனால் புண்ணாகவில்லை. நீலாம்பாளுக்கு மறுகல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் பிறந்தன.

அய்யாவு அன்று துப்பியதோடு சரி. வெளியே வந்ததும் மறுபடி போட்டுக்கொண்டார். சில வருடங்களில் அவர் நாக்கடியில் அதே புண் வந்தது. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கிடந்தவரைப் பார்க்க வைரக்கண்ணு அவளையும் அழைத்துப் போனான். வார்டு வாசல் வரை போனவளுக்கு அந்தப் பழைய எலி நாற்றம் வந்து மோதியது. அதற்குமேல் கால் நகரவில்லை. கதவருகே நின்றபடியே பார்த்தாள். கட்டிலில் கிடந்தவர் அவளைக் கண்டு கையை உயர்த்தினார். அவளும் உயர்த்தினாள். அவ்வளவுதான் அவளால் முடிந்தது. ஊர் திரும்புகிற பஸ்ஸில் முழுக்க அழுதுகொண்டு வந்தாள்.

குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது. பள்ளிக்கூடத்தில் சத்துணவு வந்தபோது அவளுக்கு ஆயா வேலை கிடைத்தது. தட்டை நீட்டுவதற்கு முன்னால் பிள்ளைகள் பல்லைக் காட்ட வேண்டும். கறையோ ஊத்தையோ தெரிந்தால் குழாயடிக்கு விரட்டுவாள். ஆசிரியர்கள் சொல்லிப் பார்த்தார்கள், சாப்பாடு போடுவது மட்டும்தான் உன் வேலை என்று. இந்த வாயைப் பார்த்துக்கொண்டு எனக்குச் சோறு போட வரவில்லை என்றாள். சில தாய்மார்கள் வந்து சண்டை போட்டார்கள். அவர்கள் சண்டை போடும்போதும் அவள் அவர்கள் பல்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாக்காளர் அட்டைக்குப் படம் பிடிக்க ஆள் வந்த வருடம், ஊரே பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றது. எல்லையம்மாள் நல்ல புடவை உடுத்தி, முடியைப் படிய வாரி வந்திருந்தாள். பல் ஒன்றுகூட விழாத வயசாளி அந்த வரிசையில் அவள் ஒருத்திதான். சிரித்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். படம் பிடிக்கிற இளைஞன் கீழுதட்டுக்குள் பாக்கெட் புகையிலையை அடக்கியிருந்தான். அதைக் கசக்கிய உள்ளங்கையில் இன்னும் தூள் ஒட்டியிருந்தது.

"இப்படித் திரும்புங்க ஆயா," என்று அந்தக் கையாலேயே அவள் தாடையைப் பிடித்து நிமிர்த்தினான்.

"கைய எடு. மொதல்ல போய்க் கழுவிட்டு வா."

அவன் அதற்குள் பொத்தானை அழுத்திவிட்டான்.

எல்லையம்மாளுக்கு வாழ்நாளில் எடுத்த படம் அது ஒன்றுதான். மூக்கு சுருங்கி, உதடு ஒரு பக்கம் கோணி, யாரையோ அடிக்கப்போகிறவள் மாதிரி அதில் இருக்கிறாள். வேறு படம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்கலாமே என்று நீலாம்பாள் சொன்னபோது, "வேண்டாம், சரியாத்தான் வந்திருக்கு," என்று அட்டையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள்.